குல்தராவில் எத்தனை பேர் இருந்தார்கள்? 1,588, 800, 37: மூன்று எண்களையும் படிக்கும் முறை

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஜெய்சால்மர் போகிறோம். கல்லூரியில் படிக்கும் மகள், ஆளில்லாமல் போன குல்தரா கிராமத்தைப் பற்றிச் செயல்திட்ட அறிக்கை எழுத வேண்டும். ஊரின் மக்கள்தொகை ஓரிடத்தில் 1,588, இன்னோரிடத்தில் 800, வேறோரிடத்தில் 37 என்று இருக்கிறது. 84 ஊர் மக்களும் 1825-இல் ஒரே இரவில் வெளியேறிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். எதை எழுதுவது? நேரில் எதைப் பார்த்துச் சரிபார்க்கலாம்?

பதில்: மூன்று எண்களையும் எழுதலாம், ஆனால் ஆண்டையும் கணக்கிட்ட முறையையும் சேர்த்தே எழுத வேண்டும். மூன்றும் வெவ்வேறு காலத்தவை, வெவ்வேறு வகையில் வந்தவை. அவற்றை வரிசையாக வைத்தாலே ‘ஒரே இரவு’ கதை தளர்ந்துவிடும்.

முதலில் 1,588. இது யாரும் எண்ணிச் சொன்னதல்ல. குல்தராவை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாளர் எஸ்.ஏ.என். ரெசாவி, 17, 18-ஆம் நூற்றாண்டுகளுக்காகப் போட்ட மதிப்பீடு. ஊரில் 410 கட்டடங்களின் இடிபாடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு 3.87 பேர் என்பது அவர் எடுத்துக்கொண்ட சராசரி. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே எண்ணில் வந்து நிற்பீர்கள். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் கணக்குப் பிள்ளை, தலைக்கட்டை வைத்து ஊரின் அளவைச் சொல்லிவிடுவதைப் போன்றதுதான் இது. கடைசி இலக்கமான 8-ஐப் பார்த்துத் துல்லியம் என்று மயங்க வேண்டாம். அது பெருக்கலில் வந்த 8.

இந்த முறையில் பிழை மூன்று இடங்களில் நுழையும். ஒன்று, இடிந்த கட்டடம் எல்லாம் வீடல்ல. மாட்டுத் தொழுவம், வண்டி நிறுத்தும் இடம், தானியக் கிடங்கு எல்லாம் அதில் கலந்திருக்கும். இரண்டு, 13-ஆம் நூற்றாண்டு முதல் 19 வரை மக்கள் வாழ்ந்த ஊரில் இன்று தெரியும் சுவர்கள் எல்லாம் ஒரே காலத்தில் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, வீட்டுக்கு எத்தனை பேர் என்பது. கூட்டுக் குடும்பத்துக்கு 3.87 குறைவு என்று வாதாடலாம். 410 வீட்டையும் வைத்து ஐந்தால் பெருக்கினால் 2,050. அறுபது விழுக்காடு வீடுகளில்தான் ஆள் இருந்தது என்று கொண்டு, 246-ஐ ஐந்தால் பெருக்கினால் 1,230, 3.87-ஆல் பெருக்கினால் 952. ஊரின் புறத்தே கீழ்ப்பகுதியில் இன்னும் சுமார் 200 கட்டடங்கள் உண்டு. அவற்றையும் சேர்த்து 610 என்று கொண்டால் 2,361. ஆகவே அறிக்கையில் ‘உச்சத்தில் ஏறக்குறைய ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையே, ரெசாவியின் மதிப்பீடு 1,588’ என்று எழுதுவதுதான் நேர்மை. பரப்பை வைத்தும் ஒரு சோதனை போடலாம். ஊர் 861 மீட்டர் நீளம், 261 மீட்டர் அகலம், சுமார் 22.5 ஹெக்டேர். 1,588 பேர் என்றால் ஹெக்டேருக்கு 70 பேர். முற்றம் வைத்த வீடுகளும் அகலமான தெருக்களும் உள்ள கிராமத்துக்கு இது நம்பத்தக்க அடர்த்திதான்.

அடுத்து 800. பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் டாட் 1815-ஆம் ஆண்டு வாக்கில் திரட்டிய பட்டியலிலிருந்து வருவது: 200 வீடு, 800 பேர். இதுவும் பெருக்கல்தான், வீட்டுக்கு நான்கு. அதே பட்டியலில் தலைநகர் ஜெய்சால்மருக்கு 7,000 வீடு, 35,000 பேர். அங்கே வீட்டுக்கு ஐந்து. அதாவது டாட் கேட்டு வாங்கியது வீட்டு எண்ணிக்கை. ஆள் எண்ணிக்கை அதன்மேல் ஏற்றியது. அதனால் அட்டவணையில் 800-ஐவிட ‘200 வீடு’ என்பதற்கே முதலிடம் கொடுங்கள். 410 எங்கே, 200 எங்கே? கட்டடங்களில் பாதி தொழுவமும் கிடங்கும் என்று கொள்ளாதவரை, கதையில் வரும் அந்த இரவுக்கு முன்பே ஊர் பாதியாகிவிட்டது என்றுதான் பொருள்.

37 என்பது 1890-ஆம் ஆண்டுக்கு உரியது. 1899-இல் ஜெய்சால்மர் வரலாறு எழுதிய லட்சுமி சந்த் தருவது: 117 வீடு, 37 பேர். இங்கே பெருக்கல் இல்லை. வீடு நிற்கிறது, ஆள் இல்லை. பலர் சறுக்கும் இடம் இது. 117 வீட்டை நான்கால் பெருக்கி ‘1890-இல் 468 பேர்’ என்று யாராவது எழுதினால், காலி வீட்டுக்கும் குடி வைத்துவிட்டார்கள் என்று பொருள்.

இனி கதை. ஜெய்சால்மர் சமஸ்தானத்தின் திவான் சாலிம் சிங் ஊர்த்தலைவரின் மகள்மேல் கண் வைத்தான், 84 ஊர்ப் பாலிவால் பிராமணர்களும் சாபம் போட்டுவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பினார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்வது. சாலிம் சிங் கற்பனைப் பாத்திரம் அல்ல. அவருடைய மாளிகையை ஜெய்சால்மர் நகருக்குள் பார்க்கலாம். அவருடைய வரிக் கொடுமையையும், அதனால் வணிகமும் வட்டித் தொழிலும் செய்த பாலிவால்கள் நாட்டை விட்டுப் போனதையும் அவர் காலத்தவரான டாட்டே எழுதியிருக்கிறார். ஆகவே வரி ஒரு காரணம் என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் சாலிம் சிங் இறந்தது 1824-இல். 1825-இல் அவருக்குப் பயந்து ஓடினார்கள் என்றால் செத்த மனிதருக்குப் பயந்ததாக ஆகும். 84 என்பதும் ஊர் ஊராக எண்ணி வந்த எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ‘சௌராசி’ என்று 84 ஊர்களை ஒரு கட்டாகச் சொல்வது வடமேற்கு இந்தியாவில் பழைய வழக்கம். ஒரே இரவில் எல்லோரும் போயிருந்தால் 1890-இல் அந்த 37 பேர் ஏது?

என் கணிப்பில் ஊரைக் காலி செய்ததில் பெரும்பங்கு தண்ணீருக்கு. ஜெய்சால்மரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை வைத்துக் கோதுமை விளைவித்தவர்கள் பாலிவால்கள். அவர்களின் முறைக்குக் கடீன் என்று பெயர். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் மண்கரை போட்டு மறிப்பது. கரை பொதுவாக 100 முதல் 300 மீட்டர் நீளம். ஓர் ஏக்கர் வயலுக்குச் சுமார் 15 ஏக்கர் நீர்பிடிப்பு வேண்டும் என்பது கணக்கு. மிஞ்சும் நீர் வழிய ஒரு கலிங்கு. நீர் மண்ணில் இறங்கிய பிறகு, மழைக்காலம் முடிந்து, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். கரைக்குக் கீழே கிணறு வெட்டினால் ஊறல் அங்கே கிடைக்கும்.

குடிநீர்க் கணக்கையும் மகளைப் போடச் சொல்லுங்கள், அறிக்கைக்குப் பலம் கூடும். அனுமானங்களை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும். 800 பேருக்குத் தலைக்கு 15 லிட்டர், 400 மாட்டுக்கு 40 லிட்டர், 1,000 ஆட்டுக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 33,000 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கை ஆடுமாடு குடிக்கும். ஆண்டுக்குச் சுமார் 12,000 கனமீட்டர். இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒன்றரை ஏக்கர் குளத்தில் அவ்வளவு நீர் நிற்கும். ஆனால் மேற்கு ராஜஸ்தானில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆவியாகிவிடும். குளத்தை மட்டும் நம்பினால் கோடையில் தரைதான் மிஞ்சும். கிணறுதான் ஊரைத் தாங்க வேண்டும். குல்தராவில் 1815 வாக்கிலேயே பெரும்பாலான கிணறுகள் வற்றிவிட்டன. 1850-இல் படிக்கிணறும் வேறு இரண்டு ஆழ்கிணறுகளும் மட்டுமே உயிரோடு இருந்தன. விளைச்சல் குறைந்தும் வரி குறையவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடீன் கரையும் கலிங்கும் ஆண்டுதோறும் கைபார்க்க வேண்டியவை. கலிங்கு அடைத்துக்கொண்டால் அடுத்த பெருமழை கரையை உடைக்கும். கிணற்றைத் தூர்வார ஆள் வேண்டும். இருபது குடும்பம் போனால் மிஞ்சியவர்கள் தலையில் வேலையும் ஏறும், வரிப்பங்கும் ஏறும். முதல் பாதி மெதுவாகவும் அடுத்த பாதி வேகமாகவும் காலியாவது இப்படிப்பட்ட ஊர்களின் இயல்பு.

நிலநடுக்கக் கருத்தும் உங்கள் கண்ணில் படும். சரிந்த கூரைகள், விழுந்த உத்தரங்கள், தூண்களை வைத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொல்கிறது. ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும். மரம் அரிதான பாலையில் கைவிட்ட வீட்டின் விட்டத்தை யாராவது உருவிக்கொண்டு போனாலும் கூரை அப்படித்தான் விழும்.

நேரில்: ஊர், ஜெய்சால்மரிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். காலையில் வெயில் ஏறுமுன் போங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். நடுவே உள்ள அம்மன் கோயிலிலிருந்து தொடங்கி, வடக்கு தெற்காக ஓடும் மூன்று நீளத் தெருக்களில் ஒன்றில் ஐம்பது கட்டடங்களை மட்டும் எடுத்து வகை பிரிக்கச் சொல்லுங்கள்: அடுப்படியும் முற்றமும் இருந்தால் வீடு, ஒற்றை அறையும் அகல வாசலும் என்றால் தொழுவமாகவோ கிடங்காகவோ இருக்கலாம். கிடைக்கும் விகிதத்தை 410-இல் போட்டுப் பார்க்கலாம். சுற்றுலாவுக்காகப் புதிதாகப் பூசி எழுப்பிய சில வீடுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு படிக்கிணற்றையும், வறண்டு கிடக்கும் காக்னி ஆற்றுப் பக்கத்தையும் பாருங்கள். முதல் குடியேறியான காதன் என்பவர் உதன்சர் குளத்தை வெட்டினார் என்பது லட்சுமி சந்த் தரும் செய்தி.

சுடுகாட்டில் தேவலி எனப்படும் நினைவுக்கற்களைத் தவறவிடாதீர்கள். மிகப் பழையவை கி.பி. 1235, 1238-ஆம் ஆண்டு இறந்த இருவருக்கானவை. இங்கே ஆண்டுக் கணக்கில் கவனம் தேவை. பட்டிக் சம்வத் என்ற உள்ளூர் ஆண்டு கி.பி. 623-இல் தொடங்குகிறது, அதற்கு 623 கூட்ட வேண்டும். விக்கிரம சம்வத் என்றால் 57 கழிக்க வேண்டும். கல்லில் 1825 என்று கண்டு அதைக் கி.பி. என்று எழுதிவிட்டால், 1768-ஐ 57 ஆண்டு பிந்தியதாக்கிவிட்டீர்கள். கல்மேல் மாவோ சுண்ணாம்போ தேய்க்காமல், சாய்ந்த காலை வெயிலில் படம் எடுத்தால் எழுத்து தெளிவாக விழும்.

ஒப்பீட்டுக்கு ஜெய்சால்மர் சமஸ்தானத்தின் மக்கள்தொகைக் கணக்கையும் ஒரு பத்தியில் சேருங்கள்: 1881-இல் 1,08,143, 1891-இல் 1,15,701, 1901-இல் 73,370. பத்தே ஆண்டில் 37 விழுக்காடு சரிவு. அதற்குப் பெருங்காரணம் பஞ்சம், அதிலும் 1899-1900-இன் ‘சப்பனியா’ பஞ்சம். அட்டவணையில் நான்கு பத்திகள் போதும்: ஆண்டு, வீடு, ஆள், எப்படிக் கிடைத்த எண். நான்காவது பத்தி காலியாக இருக்கும் எந்த எண்ணையும், 5,000 குடும்பம் என்று காணொளிகளில் வருவது உட்பட, அட்டவணைக்குள் விடாதீர்கள்.