டேட்டாபேஸில் டேபிள்களை இணைப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். யார் எதை எடுத்துப் போனார் என்பதை எக்செல்லில் ஒரே தாளில் எழுதி வந்தேன். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸுக்கு மாறினால் எத்தனை டேபிள் (தகவல் அட்டவணை) வேண்டும் ஐயா?

பதில்: நான்கு. வாடிக்கையாளர், பொருள், பில், பில் வரி. ஒரு பில்லில் அண்டா, கரண்டி, ஜமக்காளம் என்று பல பொருள்கள் போகும். அதே அண்டா பல பில்களில் வரும். இரு பக்கமும் 'பல' என்றால் நடுவில் ஒரு டேபிள் நின்றே ஆக வேண்டும். அதுதான் பில் வரி. அதில் பில் எண் 118, பொருள் எண் 7, எண்ணிக்கை 2, வாடகை 150 என்று இருக்கும். 'பெரிய அண்டா' என்ற சொல் அங்கே வேண்டாம். 7-ஐப் பிடித்துப் போனால் பொருள் டேபிளில் அண்டா கிடைக்கும். 118-ஐப் பிடித்துப் போனால் பில்லும், அதன் வழியே வாடிக்கையாளரும். பொருள் டேபிளில் உள்ள வாடகையை இங்கே மறுபடி எழுதுவானேன் என்று தோன்றும். அடுத்த ஆவணியில் வாடகையை ஏற்றுவீர்கள். அப்போது பழைய பில் தானாக ஏறிவிடக் கூடாதல்லவா?

கேள்வி: கைபேசி எண்ணையே வாடிக்கையாளருக்கு முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாக, வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். மூன்றாவது ஆள் எண்ணையே மாற்றிவிடுவார். அக்சஸ் தானாகவே போடும் எண்ணான ஆட்டோநம்பர் போதும். அந்த எண்ணுக்கு வெளியுலகில் எந்தப் பொருளும் கிடையாது, அதனால் அதை மாற்ற வேண்டிய தேவையும் வராது.

கேள்வி: பில்லில் உள்ள வாடிக்கையாளர் எண்ணும் ஆட்டோநம்பர்தானா?

பதில்: இல்லை. அங்கே 'நம்பர்', அளவு 'லாங் இன்டிஜர்' (முழு எண்). ஆட்டோநம்பர் போட்டால் உங்களால் அதில் எதையும் எழுத முடியாது.

கேள்வி: இரு டேபிள்களை இணைக்கும்போது, இல்லாத எண்ணைச் சுட்ட விடாமல் காக்கும் 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி' கட்டத்தில் டிக் செய்தால் அக்சஸ் மறுக்கிறது. டிக்கை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது.

பதில்: சரியாகவில்லை ஐயா, காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். வாடிக்கையாளர் டேபிளில் இல்லாத ஓர் எண் பில் டேபிளில் உட்கார்ந்திருக்கிறது. க்வெரி விசார்டில் 'ஃபைண்ட் அன்மேட்ச்டு' ஓட்டுங்கள், அனாதை வரிகள் வெளியே வரும். அங்கே 0 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; நம்பர் புலத்துக்கு இயல்பு மதிப்பாக 0 நிற்பதுண்டு. அதைத் திருத்திவிட்டு மறுபடி டிக் செய்யுங்கள்.

கேள்வி: எஸ்க்யூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸில் ஃபாரின் கீ (வேறு டேபிளின் சாவியைச் சுட்டும் புலம்) எழுதியும் இல்லாத எண்ணை ஏற்றுக்கொள்கிறதே?

பதில்: அங்கே காவல் பொதுவாக அணைந்தே இருக்கும். 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்ற கட்டளையை, டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் கொடுக்க வேண்டும். நேற்று கொடுத்தேனே என்றால் எடுபடாது. அந்த அமைப்பு கோப்பில் தங்குவதில்லை.

கேள்வி: டேபிள்களுக்கு இடையே உறவு இருப்பதால்தான் 'ரிலேஷனல்' டேட்டாபேஸ் என்ற பெயரா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் இதை முன்வைத்தபோது, கணிதத்தில் 'ரிலேஷன்' எனப்படும் கணத்தைத்தான் (செட்) எடுத்துக்கொண்டார். தன்னந்தனி டேபிளும் ஒரு ரிலேஷன்தான்.

கேள்வி: பாத்திரக் கடைக்காரர் மீண்டும். வாடிக்கையாளரை நீக்கினால் அவர் பில்களும் போகும்படி 'காஸ்கேட் டிலீட்' வைக்கலாமா?

பதில்: பில்லை நீக்கினால் அதன் வரிகள் போகட்டும், பில் இல்லாமல் அவற்றுக்கு வாழ்வில்லை. வாடிக்கையாளருக்கும் பில்லுக்கும் இடையே மட்டும் அதை வைக்காதீர்கள். திரும்பி வராத அண்டாவுக்கு யார் வாசலில் போய் நிற்பீர்கள்?