அடிக்கோட்டுக்குப் பின்னால் நின்ற சொல்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் வசிக்கும் நான், உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். பணிசெயல் முறைமை பற்றிய பாடத்துக்காக லினக்ஸ் கேர்னலின் (முறைமையின் கருப்பகுதியின்) மூல நிரலை, கைபேசி டேட்டாவை மிச்சம் பிடிக்க, கடைசி மாற்றத்தை மட்டும் எடுக்கும் ‘டெப்த் 1’ கொடுத்துத் தரவிறக்கினேன். நினைவகத்தில் உள்ளதை வட்டுக்கு மாற்றக் கேர்னல் காட்டும் நாட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்வாப்பினஸ்’ என்பதை, கோப்புகளில் சொல் தேடும் ‘கிட் கிரெப்’ கட்டளையால், முழுச்சொல்லை மட்டும் காட்டும் ‘டபிள்யூ’ விருப்பத்துடன் தேடினேன். அதன் இயல்பு மதிப்பு 60 என்று ஆவணம் சொல்கிறது. அந்த 60 எழுதப்பட்ட நிரல் வரி மட்டும் அகப்படவில்லை. ஏன்?

பதில்: அந்த வரி ‘எம்எம்’ அடைவிலுள்ள ‘விஎம்ஸ்கான்.சி’ கோப்பில் இருக்கிறது. தாங்கள் கொடுத்த ‘டபிள்யூ’ விருப்பமே அதை மறைத்துவிட்டது. அங்கே மாறியின் பெயர் ‘விஎம்’ என்று தொடங்கி, ஓர் அடிக்கோட்டுக்குப் பிறகே ‘ஸ்வாப்பினஸ்’ என முடிகிறது. நம் கண்ணுக்கு அடிக்கோடு இரண்டு சொற்களுக்கு இடையிலான இடைவெளி போலத் தெரிந்தாலும், கிரெப் அதனை எழுத்தையும் இலக்கத்தையும் போலச் சொல்லின் உறுப்பாகவே கொள்வதால், முழுப்பெயரும் அதற்கு ஒரே சொல். வாலைத் தனிச்சொல்லாக அது ஏற்காது. வரிக்கு மேலுள்ள குறிப்புரையும் கைகொடுக்காது; ‘ஸ்வாப்பினஸ்’ என்ற தனிச்சொல் அதிலும் இல்லை. மதிப்பு கூடினால் கேர்னல் மேலும் ‘ஸ்வாப்பி’ ஆகும் என்று எழுதியவர் சற்று விளையாட்டாகவே அங்கே குறித்திருக்கிறார்.

ஆவணம் உரைநடை என்பதால் அங்கே முழுச்சொல் தேடல் பொருந்தும். நிரலுக்கு ‘டபிள்யூ’வை விட்டுவிட்டு, வரி எண்ணுக்கு ‘என்’, பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராதிருக்க ‘ஐ’ ஆகியவற்றைக் கொடுத்து, முடிவில் ‘எம்எம்’ என்று அடைவையும் குறித்தால் விடைகள் அளவோடு வரும்.

இதைவிடப் பொல்லாத பொறி ஒன்றும் உண்டு. ‘சிஸ்’, அடிக்கோடு, ‘கெட்பிட்’ என்ற பெயரைத் தேடினால் அறிவிப்பு வரி கிடைக்கும். செயல்கூற்றின் உடல் தொடங்கும் வரி கிடைக்காது. ‘கேர்னல்’ அடைவின் ‘சிஸ்.சி’ கோப்பில் ‘சிஸ்கோல் டிஃபைன் 0’ என்ற மக்ரோவின் (தொகுப்பின்போது முழு நிரலாக விரியும் சுருக்கத்தின்) அடைப்புக்குள் வெறும் ‘கெட்பிட்’ மட்டுமே இருக்கிறது. முன்னொட்டை மக்ரோ தொகுப்பின்போதுதான் ஒட்டுகிறது. அந்த வரியில் எழுதப்படாத பெயரைக் கொண்டு கிரெப் அதை எப்படிக் காட்டும்? ஆகவே முன்னொட்டைக் களைந்து தேடுங்கள்.

ஒரு சொல் எந்த மாற்றத்தில் நுழைந்தது என்பதை ‘கிட் லொக்’ கட்டளையின் பெரிய ‘எஸ்’ விருப்பம் சொல்லும். தாங்கள் ‘டெப்த் 1’ கொடுத்ததால் பழைய வரலாறு தங்கள் கணினிக்கு வரவில்லை. இரவு டேட்டா மிஞ்சியிருக்கும் நாளில் ‘அன்ஷலோ’ விருப்பத்துடன் ‘கிட் ஃபெட்ச்’ செய்துகொள்ளுங்கள்.