கேட் பாஸ் 2-17 எங்கே போனது?

அக்கா, வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கேட் பாஸ் சாஃப்ட்வேர் போஸ்ட்கிரெஸ் 12 என்ற டேட்டாபேசில் ஓடுகிறது. மாதத்துக்கு ஒரு டேபிள். நம்பர் தேதி-வரிசை என்று போகும், 2-17 என்றால் இரண்டாம் தேதி பதினேழாவது வண்டி. போன மாதம் உபுண்டு லினக்ஸ் 18.04 போட்ட பழைய சர்வரிலிருந்து டேட்டா ஃபோல்டரை அப்படியே 22.04 போட்ட புது மெஷினுக்குக் காப்பி செய்தோம். அன்றிலிருந்து சில நம்பர்களைத் தேடினால் வருவதில்லை. 2-17 என்று தேடினால் பூஜ்யம். மொத்த லிஸ்ட்டையும் எடுத்தால் அதில் இருக்கிறது! லைக் என்ற தேடல் கட்டளை போட்டு முன்னும் பின்னும் சதவீதக்குறி வைத்தாலும் வருகிறது. சீனியர் ரீஇண்டெக்ஸ் (இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவது) போடச் சொன்னார். போட்டதும் பழைய மாதங்கள் எல்லாம் சரியாகிவிட்டன, போன மாத டேபிளில் மட்டும் டூப்ளிகேட் என்று எரர் வந்து நிற்கிறது. ஒரே நம்பர் இரண்டு முறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் இருக்கும்போது டூப்ளிகேட் எப்படி வரும்?

இது போஸ்ட்கிரெஸ் பக் (நிரல் பிழை) என்று நினைக்கிறேன். நானே சரிசெய்ய ஆசை. சோர்ஸை இறக்கிப் பார்த்தேன், முழுக்க சி மொழி, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. என் இங்கிலீஷும் சுமார்தான். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் நண்பன் "அதெல்லாம் ஐஐடிக்காரங்க வேலை" என்கிறான். அப்படியா?

தே., தண்டையார்பேட்டை

அன்புள்ள தே.,

நண்பரிடம் அப்புறம் வருவோம். முதலில் அந்த 2-17.

அது எங்கும் போகவில்லை, டேபிளில்தான் இருக்கிறது, நீங்களே பார்த்துவிட்டீர்கள். வேகமாகத் தேட வரிசைப்படுத்தி வைத்த பட்டியலான இண்டெக்ஸ் வழியாகப் போனால் கிடைக்கவில்லை, டேபிளை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டே போனால் கிடைக்கிறது. (லைக்கில் முன்னாலேயே சதவீதக்குறி வைத்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, முழு டேபிளையும் படித்தாக வேண்டும், அதனால்தான் அது கண்டுபிடித்தது.) ஆக, கெட்டுப்போனது இண்டெக்ஸ். மெஷின் மாறியதும் ஏன் கெட்டது என்றால், எந்தச் சொல் முன்னால் எந்தச் சொல் பின்னால் என்பதை உங்கள் மாதிரி அமைப்பில் போஸ்ட்கிரெஸ் தானாக முடிவுசெய்வதில்லை, லினக்ஸில் இருக்கும் ஜிலிப்சி என்ற நூலகத்தைக் கேட்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசை விதிகளையே மாற்றிவிட்டது. உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. உங்கள் 22.04-இல் 2.35.

பழைய விதியில் நடுவில் வரும் சிறுகோட்டை முதலில் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். 2-17 என்பதை 217 போலவும், 21-3 என்பதை 213 போலவும் பார்ப்பார்கள். எனவே 21-3 முன்னால், 2-17 பின்னால். புதிய விதியில் சிறுகோட்டுக்கும் மதிப்பு உண்டு, அது எண்களுக்கு முன்னால் வரும், ஆகவே 2-17 முன்னால் போய்விடும், 21-3 பின்னால். வட்டில் இருக்கும் இண்டெக்ஸ் பழைய வரிசையில் அடுக்கியது. தேடுகிற கை புதிய வரிசையை நம்பி வருகிறது. நடுவில் 21-3 எதிர்ப்பட்டதும் "2-17 இதற்கு முன்னால்தானே இருக்கும்" என்று இடது பக்கம் திரும்பிவிடும். அதுவோ வலது பக்கத்தில் இருக்கிறது. பூஜ்யம்.

டூப்ளிகேட்டும் இதே கதைதான். கேட்டில் இருப்பவர் தேடிப் பார்த்து, வரவில்லை என்றதும் திரும்பவும் 2-17 போட்டிருப்பார். யுனிக் இண்டெக்ஸ் "ஏற்கெனவே இருக்கிறதா" என்று தப்பான பக்கத்தில் போய்ப் பார்த்து, இல்லை என்று அனுமதித்துவிட்டது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது ஒரே நம்பரில் இரண்டு வண்டி வந்தால் கேட்டில் என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இது போஸ்ட்கிரெஸ் பக் தானா? இது தெரிந்த விஷயம்தான், ஜிலிப்சி 2.28 வந்ததிலிருந்தே பலபேர் மாட்டியிருக்கிறார்கள், எனவே "நான் கண்டுபிடித்தேன், நான் சரிசெய்கிறேன்" என்று கிளம்பினால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் இதைச் சரிசெய்ய அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள், பக் சரிசெய்வது என்றால் என்ன என்பது அதிலேயே தெரியும். 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் ஐசியு என்ற வேறொரு நூலகத்தின் வரிசையையும் பயன்படுத்தலாம், அதன் பதிப்பு எண்ணும் பதிவாகும் என்றார்கள். 13-இல் ஜிலிப்சியின் எண்ணும் பதிவானது. அடுத்து, ஒவ்வொரு இண்டெக்ஸும் எந்தப் பதிப்பின் வரிசையில் கட்டப்பட்டது என்று தனித்தனியாகக் குறித்துவைக்கும் வசதியை 14-க்காக எழுதிச் சேர்த்தார்கள். நல்ல யோசனை. ஆனால் பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய கலப்பு வகைகளில் சில இடங்கள் பதிவாகாமல் விடுபட்டுப் போகின்றன என்று தெரிந்ததும் 2021 மே மாதம், வெளியீட்டுக்கு முன்பே, மொத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். 15-இல் அடக்கமாக ஒன்று வந்தது: முழு டேட்டாபேசுக்கும் ஒரு எண், பொருந்தாவிட்டால் உள்ளே நுழைந்ததும் ஒரு எச்சரிக்கை. 2024-இல் 17-ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் தன் கையிலேயே ஒரு வரிசையை வைத்துக்கொண்டது, எழுத்துகளின் யூனிகோட் எண்ணை வைத்து அடுக்குவது, அகராதி வரிசை போல அழகாக இருக்காது, ஆனால் யாரும் காலடியில் மாற்ற முடியாது. உங்கள் 12-இல் இதில் எதுவும் ஜிலிப்சிக்கு இல்லை, அதனால்தான் ஒரு எச்சரிக்கை வரிகூட வரவில்லை.

எழுதி முடித்து, சேர்த்தும் விட்ட வேலையைச் சரியில்லை என்று திரும்ப எடுப்பது அங்கே சாதாரணம். 2022-இல் இன்னொன்று. 14.0 முதல் 14.3 வரை, டேபிளைப் பூட்டாமல் இண்டெக்ஸ் கட்டும் கன்கரன்ட்லி கட்டளையைக் கொடுத்தால் இண்டெக்ஸில் சில வரிகள் விட்டுப்போக வாய்ப்பு இருந்தது. அந்த இண்டெக்ஸ் கட்டப்படும் நேரத்திலும் வேக்யூம் (பழைய வரிகளைத் துப்புரவு செய்வது) தேங்காமல் நடக்கட்டும் என்று சேர்த்த ஒரு வேகக்கூட்டல்தான் காரணம். வழக்கமாகச் சின்ன வெளியீடுகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் வரும், இதற்காக ஜூனிலேயே 14.4-ஐத் தனியாக விட்டார்கள். தீர்வு என்ன தெரியுமா, அந்த வேகக்கூட்டலை எடுத்தது, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேட்டது, எங்கே தொடங்குவது. சோர்ஸை மேலிருந்து படிக்காதீர்கள். பத்து லட்சம் வரிக்கு மேல் இருக்கும் நிரலை அப்படி யாரும் படிப்பதில்லை, அதில் பல வருடம் வேலை செய்பவர்கள்கூட. என் கணக்கில் பக் சரிசெய்வதில் பெரும்பங்கு வேலை, அதை வேண்டும்போதெல்லாம் மறுபடி வரவைப்பதுதான். பிறகு அதைச் சுருக்குவது. உங்கள் கடிதத்தில் யார்டு, கேட், மாத டேபிள், மெஷின் மாற்றம் எல்லாம் இருக்கிறது. இதில் எதை எடுத்தாலும் பிரச்சினை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது இரண்டே சொல்: 2-17, 21-3. இந்த இரண்டையும் ஒரு கோப்பில் எழுதி, இரண்டு மெஷினிலும் டேட்டாபேசுக்கு உள்ள அதே மொழி அமைப்பை வைத்து வரிசைப்படுத்தும் லினக்ஸின் சார்ட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், வரிசை மாறி வரும். போஸ்ட்கிரெஸே வேண்டாம். அந்த இடத்துக்கு வந்துவிட்டால் குற்றவாளி யார் என்று விவாதமே தேவையில்லை. நீங்கள் லைக் போட்டுப் பார்த்தீர்களே, அது இந்த வேலையின் முதல் படி, யாரும் சொல்லித்தராமல் செய்திருக்கிறீர்கள், உங்கள் சீனியர் செய்யவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி "டாக்குமென்டேஷனில் எழுத்துப்பிழை திருத்துங்கள்" என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருத்தலாம், ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அதிலிருந்து அடுத்த படிக்கு வழி கிடையாது. அதற்குப் பதில் யாரோ அனுப்பி அரைகுறையாகக் கிடக்கும் ஒரு புகாரை எடுங்கள். "சர்வர் செத்துவிட்டது" என்று மட்டும் எழுதியிருப்பார், எப்படி என்று இருக்காது. சோர்ஸிலிருந்து நீங்களே பில்ட் செய்யுங்கள், கான்ஃபிகர் செய்யும்போது டீபக்கையும் காசர்ட்டையும் இயக்கிக்கொள்ளுங்கள், காசர்ட் போட்டால் உள்ளே ஏதாவது கணக்கு தவறும்போது அந்த இடத்திலேயே நின்று கத்தும், மூன்று மணி நேரம் கழித்து வேறெங்கோ சாகாது. சாதாரண லேப்டாப் போதும். மேக் செக் என்ற சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பாருங்கள், பச்சையாக வந்தால் களம் தயார். அப்புறம் அந்த மனிதருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்வரை விடாதீர்கள். முந்தைய பதிப்பில் நடக்கவில்லை, இந்தப் பதிப்பில் நடக்கிறது என்றால் கிட் பைசெக்ட் என்ற கருவி இருக்கிறது, பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும், ஆயிரம் கமிட் (நிரலில் சேர்த்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) இருந்தாலும் பத்து பில்டில் குற்றம் செய்த கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே போனபின் நீங்கள் படிக்க வேண்டியது பத்து லட்சம் வரி இல்லை, நூறோ இருநூறோ. சி அப்போது கற்றுக்கொள்ளுங்கள், அந்த நூறு வரிக்காக.

எந்தத் திட்டம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் எல்லோர் போனிலும் இருக்கிறது, அதன் நிரல் பொதுச்சொத்து, ஆனால் வெளியாரின் பேட்ச்சை (நிரலில் செய்யச் சொல்லும் மாற்றத்தை) எடுத்துக்கொள்வதில்லை, அங்கே பக்கைச் சொல்லலாம், சரிசெய்வது அவர்கள்தான். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேசில் 199 என்று எண்ணிட்ட ஒரு பழைய பக் உண்டு: தானாக ஏறும் நம்பரை அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது, சர்வரை நிறுத்தி எழுப்பினால் டேபிளில் இருக்கும் பெரிய நம்பரைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும், ஆகவே கடைசி பில்லை அழித்த பிறகு கரன்ட் போய் வந்தால் அதே நம்பர் அடுத்தவருக்குப் போகும். 2003-இல் எழுதப்பட்ட புகார், 8.0 பதிப்பு 2018-இல் வந்தபோதுதான் முடிந்தது. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்த பக் கூட, அதை மாற்றினால் வேறு என்ன உடையும் என்ற கேள்வியில் வருடக்கணக்கில் நிற்கும்.

போஸ்ட்கிரெஸில் பேட்ச்சுகளை ஆய்வு செய்ய வருடத்துக்கு ஐந்து முறை கமிட்ஃபெஸ்ட் நடக்கும். கமிட் செய்யும் உரிமை உள்ளவர்கள் சுமார் 30 பேர், காத்திருக்கும் பேட்ச்சுகள் அதைவிட மிக அதிகம், எனவே மற்றவர்கள் எழுதியதை எடுத்து ஓட்டிப் பார்த்து "இந்த இடத்தில் உடைகிறது" என்று சொல்பவர்களுக்கு அங்கே நல்ல மதிப்பு. யார் புகார் சொன்னது, யார் எழுதியது, யார் சரிபார்த்தது எல்லாம் கமிட் செய்தியிலேயே பெயரோடு போகும். சிறுபேட்ச் ஒன்று உள்ளே போன பிறகும் வேலை இருக்கிறது: லினக்ஸ், விண்டோஸ், பிஎஸ்டி என்று விதவிதமான மெஷின்களில், விலங்குகளின் பெயர் வைத்து, தொண்டர்கள் ஓட்டும் பில்ட் பண்ணை ஒன்று உண்டு, உங்கள் லேப்டாப்பில் பச்சையாக வந்தது அங்கே ஏதோ ஒரு விலங்கிடம் சிவப்பாகிவிடும்.

இங்கிலீஷ் பற்றிக் கவலைப்பட்டீர்கள். ஒரு நல்ல பக் புகாரில் இருக்க வேண்டியது பதிப்பு எண், டேபிள் கட்டும் கட்டளை, கொடுத்த கட்டளை, வந்தது, வந்திருக்க வேண்டியது. இதில் பாதிக்கு மேல் எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழி. மீதி நாலு வாக்கியம். உங்கள் தமிழ்க் கடிதமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. அழகான ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு பதிப்பு எண்ணைச் சொல்லாமல் விட்டவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

"ஐஐடிக்காரங்க வேலை" என்ற நண்பர் விஷயம். எழுதுபவர்களில் டேட்டாபேசிலேயே பிஎச்.டி. செய்தவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. பேட்ச்சைப் படிப்பவர் உங்கள் கல்லூரியைக் கேட்பதில்லை, டெஸ்ட் எங்கே என்றுதான் கேட்பார். இதனால் வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள்: சில இன்டர்வியூக்களில் இதைப் பெரிதாகப் பார்ப்பார்கள், பல இடங்களில் என்னவென்றே தெரியாது. அதற்காக மட்டும் செய்வதென்றால் வேண்டாம், ஒரு பக்குக்கு ஆறு மாதம் ஆகலாம். ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து சிறுசேரிக்குப் போய்வரும் நேரம் இதற்கு வேண்டியதில்லை, அது ஒரு லாபம்.

இனி அந்த மாட்டிக்கொண்ட டேபிள். டூப்ளிகேட்டுகளை எடுக்காமல் ரீஇண்டெக்ஸ் நடக்காது. அவற்றைத் தேடும்போது அந்த செஷனில் இண்டெக்ஸ்ஸ்கேன், இண்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், பிட்மேப்ஸ்கேன் என்ற மூன்று அமைப்புகளையும் அணைத்துவிட்டு, நம்பரைக் குழுவாக்கி ஒன்றுக்கு மேல் வருவதை எடுங்கள், இல்லாவிட்டால் கெட்ட இண்டெக்ஸே உங்களுக்குப் பதில் சொல்லும். வந்த பட்டியலில் எந்த வண்டி நிஜம் என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், கேட் ரிஜிஸ்டரோடு ஆபீசில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழிக்கும் முன் டேபிளுக்கு ஒரு நகல். முடிந்ததும், இண்டெக்ஸ் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ஆம்செக் நீட்சியை வைத்து, அதிலுள்ள பிடி இண்டெக்ஸ் செக்கை ஒவ்வொரு எழுத்து இண்டெக்ஸின் மேலும் ஓட்டுங்கள், வாடிக்கையாளர் பெயர், வண்டி நம்பர் எல்லாவற்றிலும், 2-17 மட்டும்தான் கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம் சீனியரிடம் சொல்லுங்கள்: 12-ஆம் பதிப்புக்கு 2024 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது, புதிய பதிப்புக்குப் போகும்போது ஃபோல்டரைக் காப்பி செய்யாமல் டம்ப் (தகவலைக் கோப்பாக எழுதியது) எடுத்து ரீஸ்டோர் செய்தால் இண்டெக்ஸ்கள் அந்த மெஷினின் வரிசையிலேயே புதிதாகக் கட்டப்படும்.