அடுப்புக்கு முன் வயலைக் காட்டுங்கள்

கேள்வி: ஸ்பெயினின் வலென்சியா நகரில் மொழி பயிலும் கல்லூரி மாணவர்களை, அந்நாட்டின் மரபு உணவை அறிவதற்காக ஒரு நாள் பண்ணைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பண்ணைகள் அனுப்பிய நிகழ்ச்சி நிரல்களில் மதிய விருந்தைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லை. அந்த நாளை எப்படி அமைக்கலாம்?

பதில்: விருந்து மட்டுமே உள்ள நிரலை ஏற்க வேண்டாம். அந்த உணவை நகரத்து உணவகத்திலேயே உண்டுவிடலாம். அது ஏன் அந்த மண்ணில் பிறந்தது என்பதைக் கண்ணால் காண்பதற்குத்தான் பண்ணைக்குப் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு திசைகள் இருக்கின்றன. நகருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சூழ்ந்து நெல்வயல்கள் பரந்திருக்கின்றன. வடக்கே அல்போராயாவைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்களும், ஓர்ச்சாத்தா என்னும் குளிர்பானத்துக்கு உரிய சூஃபா என்னும் சிறுகிழங்குப் பயிரும் உள்ளன. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயன்றால் பாதி நேரம் பேருந்திலேயே கழியும் என்பதால், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மே மாதம் விதைத்த நெல் செப்டம்பரில் அறுவடைக்கு வருகிறது; சூஃபாவைக் குளிர்காலத்தில் தோண்டி எடுக்கிறார்கள். எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதே எந்தத் திசை என்பதையும் முடிவு செய்துவிடும்.

காலையில் முதலில் வாய்க்கால்களைக் காட்டச் சொல்லுங்கள். துரியா ஆற்று நீரைத் தோட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் இந்தப் பாசன அமைப்பு இஸ்லாமியர் ஆட்சிக்காலத்தில் வளர்ந்தது, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. வியாழக்கிழமை நகரில் தங்க நேர்ந்தால், நண்பகலில் பேராலயத்தின் வாயிலில் கூடும் தண்ணீர் நீதிமன்றத்தையும் மாணவர்கள் பார்க்கட்டும். உழவர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் பாசன வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2009-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரிசியும் அவரையும் எவ்வளவு நுட்பமான நீர்ப்பங்கீட்டின் விளைவு என்பது அங்கேதான் புரியும்.

சமையலை மாணவர்கள் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதைப் பண்ணையிடம் உறுதியாகக் கேளுங்கள். பயேயா என்னும் வலென்சியாவின் புகழ்பெற்ற சோற்று உணவை மரபுப்படி ஆரஞ்சு மர விறகில் சமைக்கிறார்கள். தோப்புகளில் கழித்த கிளைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அகன்று ஆழமற்றிருக்கும் இரும்புச் சட்டியில் ஆலிவ் எண்ணெய் காய்ந்ததும் கோழியையும் முயலையும் பொறுமையாகச் சிவக்க வதக்கி, பச்சை அவரையும் கர்ரொஃபோ என்னும் தட்டையான வெள்ளை அவரையும் சேர்த்து, துருவிய தக்காளி, சிவப்பு மிளகாய்த்தூள், தண்ணீர், குங்குமப்பூ என்று ஒவ்வொன்றாக இட்டுக் கொதிக்க விடுகிறார்கள். அரிசியைப் பரப்பிய பிறகு கரண்டி படக் கூடாது. கிளறினால் மாவுச்சத்து வெளியேறிச் சோறு குழைந்துவிடும். கிளறாமல் விட்டால்தான் பருக்கைகள் தனித்தனியே வெந்து, அடியில் சொகர்ராத் என்னும் மொறுமொறுப்பான படிவு உருவாகும். ஏறத்தாழ இருபது நிமிடங்களில் நீர் முழுதும் வற்றும்படி தீயைக் கூட்டியும் குறைத்தும் நடத்துவதே சமைப்பவரின் திறமை. என் கருத்தில் அந்த நாளின் சிறந்த பாடம் இதுதான். எனவே அப்போது வேறு நிகழ்ச்சி எதையும் வைக்காதீர்கள். பிறகு எல்லோரும் சட்டியைச் சுற்றி அமர்ந்து, தத்தம் எதிரே உள்ள பகுதியை மரக்கரண்டியால் எடுத்து உண்ணட்டும். மதிய உணவு இரண்டு மணிக்குப் பிறகே தொடங்கும் என்பதால், காலையில் வயிற்றுக்கு ஏதேனும் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: படங்களில் பார்க்கும் பயேயாவில் இறாலும் சிப்பியும் இருக்கின்றன. பண்ணையில் முயலும் அவரையும் என்கிறார்கள். எது உண்மையானது?

பதில்: இரண்டும் உண்மையே. பண்ணையில் தருவது வயலில் உழைத்தவர்களின் மதிய உணவாகத் தோன்றியது. கைக்கு எட்டியதே சட்டிக்குள் போனது, சில நேரங்களில் நத்தைகளும் போயின. கடலோரத்தார் தம் பிடிப்பைக் கொண்டு சமைத்தார்கள். வலென்சிய அரசு 2021-இல் பயேயாவைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. பண்ணைக்குப் போகிற மாணவர்கள் பண்ணையின் பயேயாவையே உண்பதுதான் பொருத்தம்.

கேள்வி: எங்கள் குழுவில் சைவ உணவினர் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது, ஆனால் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். இறைச்சித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு உண்ணலாம் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். சோறு வெந்ததே இறைச்சி கொதித்த நீரில்தான். காய்கறிகளை மட்டும் இட்டுத் தனிச் சட்டியில் சமைத்துத் தரும்படி கேளுங்கள். எஸ்கர்ராயெத் என்னும் சுட்ட குடைமிளகாய்ப் பண்டம் பார்வைக்குச் சைவமாகத் தோன்றினாலும் அதில் உப்பிட்ட மீன் இருக்கும். முட்டை உண்பவர்களுக்கு தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு ஆம்லெட் கிடைக்கும். கோரை இனத்துச் சிறு கிழங்கான சூஃபாவை ஊறவைத்து அரைத்து, நீரும் சர்க்கரையும் சேர்த்து எடுக்கும் ஓர்ச்சாத்தாவில் பால் கிடையாது. அது விரைவில் கெடும் என்பதால் அன்றே தயாரித்ததைக் குளிரக் குளிரக் குடிக்கச் சொல்லுங்கள். உணவு ஒவ்வாமை உள்ள மாணவர்களின் பட்டியலையும் அதே கடிதத்தில் இணைத்துவிடுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைப் பற்றிய விவரத்தை உணவு வழங்குவோர் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.