முதலாம் ஆண்டு முழுக்கப் படுக்கை விரிப்பதும் டி.பி.ஆர். (வெப்பம், நாடி, மூச்சு) எடுப்பதும்தானா நர்சிங்? ஊசி, வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் பொருத்தும் சிறு குழாய்) எல்லாம் எப்போது கற்றுத்தருவார்கள்?

பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருப்பார்கள். வார்டுக்குப் போனால் போர்வை மடிக்கச் சொல்கிறார்கள். அந்த ஆற்றாமை புரிகிறது. 1999இல் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கும் அது இருந்தது. ஆனால் ‘டி.பி.ஆர். எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாமே’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. காலை ஏழரை மணி. பன்னிரண்டு படுக்கைகளுக்கு வெப்பம், நாடி, மூச்சு பார்த்துக் குறிக்கும் வேலை என்னுடையது. தெர்மாமீட்டர் வைத்தேன். நாடியை அரை நிமிடம் பிடித்து இரண்டால் பெருக்கினேன். மூச்சை எண்ணவில்லை. முந்தைய நாள் எல்லோருக்கும் 20 என்று இருந்தது, அதற்கு முந்தைய நாளும் 20. நானும் பன்னிரண்டு பேருக்கும் 20 என்று எழுதிவிட்டுக் கிட்னி டிரேக்களைக் கழுவப் போய்விட்டேன்.

எங்கள் டியூட்டர் மேடம் கேஸ் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. “இதில் யாருக்கு எண்ணினாய்?” என்று மட்டும் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. நேராக ஒன்பதாம் படுக்கைக்கு அழைத்துப் போனார். குடல் புண் ஓட்டையாகி அறுவை செய்த தாத்தா, மூன்றாம் நாள். “நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொள். கண் நெஞ்சில் இருக்கட்டும். முழு நிமிடம் எண்ணு” என்றார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாராக இருந்தாலும் மூச்சு விடும் வேகம் மாறிவிடும். அதற்காகத்தான் இந்த வழி.

34 வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். மறுபடியும் 34. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் காறை எலும்புக்கு மேலிருந்த குழி உள்வாங்கியது. மூக்கு விடைத்தது. “தாயி” என்றார். ஒரு மூச்சு. “தண்ணீர்” என்றார். இன்னொரு மூச்சு. “கொடு” என்றார். கால் மணி நேரத்துக்கு முன் இதே கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நாடி 108 என்று எழுதியதும் நான்தான்.

டியூட்டி டாக்டர் வந்தார். தையல் வலிக்குப் பயந்து இருமாமல், ஆழமாக மூச்சிழுக்காமல் படுத்தே கிடந்ததில் நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி நிமோனியா ஆகியிருந்தது. பேக் ரெஸ்ட் வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தோம், ஆக்சிஜன் கொடுத்தோம், மருந்து மாற்றினார்கள். வயிற்றின் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லி மேடம் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். தாத்தா பிழைத்து வீட்டுக்கு நடந்து போனார். ஆனால் அவருக்கு 20 என்று நான் எழுதிய தாள் அந்தக் கேஸ் ஷீட்டில் அப்படியே இருந்தது. மேடம் அதைக் கிழிக்க விடவில்லை. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

இப்போது மானிட்டரும், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இருக்கின்றனவே என்று யாராவது சொல்லக்கூடும். கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் பொது வார்டில் படுக்கைக்கு ஒரு மானிட்டர் எங்கே இருக்கிறது? ஆக்சிமீட்டரில் 96 சதவீதம் காட்டும்போதே நோயாளி நிமிடத்துக்கு 30 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் கூடுதல் உழைப்பால்தான் 96 நிற்கிறது. அவர் களைத்த பிறகுதான் எண் இறங்கும்.

படுக்கை விரிப்பதும் அப்படித்தான். போர்வையை உதறாமல் உட்புறமாகச் சுருட்டி எடுப்பது கிருமி பரவாமல் இருப்பதற்கு. மெக்கின்டாஷ் என்ற ரப்பர் விரிப்பையும் அதன் மேல் போடும் டிரா ஷீட் துணியையும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவது தோலுக்காக. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: நோயாளியின் முதுகை நாம் பார்ப்பதே அந்த நேரத்தில்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் இடுப்பின் அடி எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை எல்லாவற்றையும் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் ஊர்த் தோல் நிறத்தில் பெரும்பாலும் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. எங்கள் காலத்தில் அந்த இடத்தில் ஸ்பிரிட் தடவித் தேய்க்கச் சொன்னார்கள். இப்போது தேய்க்கவே கூடாது. அழுத்தத்தை எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

நாற்பது படுக்கைக்கு இரண்டு பேரை நைட் டியூட்டியில் போட்டுவிட்டு, யார் எண்ணுவது, யார் திருப்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சம்பளத்தையும் கேளுங்கள். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் அதற்குப் பிறகும் 11,000தான் கொடுத்தார்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். அவற்றைத் திரும்பப் பெற எட்டு மாதம் அலைந்தேன். நீங்கள் வேலைக்குப் போகும்போது நகலைத் தவிர எதையும் கொடுக்காதீர்கள். கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும். ஆனாலும் உங்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

வென்ஃப்ளான் போடக் கை தானாகப் பழகிவிடும், அதற்குக் கவலைப்படாதீர்கள். வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்றிரவு விடுதியில் அறைத்தோழி தூங்கியதும் அவள் மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். இழுப்பதும் விடுவதும் சேர்ந்து ஒன்று. நாளைக் காலை எண்ணப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு எண்ணுங்கள். பிறகு சொல்லாமல், நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். மூன்று எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.