ஒரு சொம்பு தண்ணீர், ஒரு பிரஷ்

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று பொம்மைக்கே போகிறது. எதுவும் இரண்டு நாளைத் தாண்டுவதில்லை; ஒன்று உடைகிறது, இல்லாவிட்டால் அவளுக்கு அலுத்துவிடுகிறது. கடைசியில் போன்தான் கதி. வாடகை வீடு வேறு, சுவரில் கிறுக்கினால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். வீட்டைக் குப்பையாக்காமல், குறைந்த செலவில் குழந்தைக்குப் பொழுதுபோக என்ன வாங்கலாம்?
- ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: செலவாகக் கூடாது, வீடு குப்பையாகக் கூடாது, குழந்தை நம்மை நச்சரிக்கக் கூடாது. (மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, நானாகப் படித்துக்கொண்டேன்.) இந்த மூன்றுக்கும் ஒத்துவருகிற ஒரே சாமான் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதனால்தான் தினமும் அது ஜெயிக்கிறது. மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பணத்தை விட முடியாது என்றால் தரையை விடுங்கள்.

என் பேத்திக்கும் ஏறக்குறைய இதே வயது. அவளுக்கு நான் ஒரு பேட்டரி ரயில் வாங்கிக்கொண்டு போனேன், தாத்தா புத்தி. பத்து நிமிடம் பார்த்தாள். அப்புறம் பின்கட்டில் அவள் அம்மா பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் போய்விட்டாள். இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு டபரா, ஒரு குழிக்கரண்டி, அரைச் சொம்பு தண்ணீர். கரண்டியால் மொண்டு டம்ளரில் ஊற்றினாள், வழிந்தது. டபராவில் கவிழ்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து. டம்ளர் நிரம்ப நிரம்பத் தண்ணீர் விழுகிற சத்தம் மாறுவதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் காதை டம்ளரோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஊற்றினாள். கவுன் தொப்பலாக நனைந்துவிட்டது. முக்கால் மணி நேரம்! ரயில் ஹாலில் தன்பாட்டுக்குச் சோபாக் காலை முட்டிக்கொண்டிருந்தது.

ரயிலில் பொத்தானை அமுக்குவதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது, மீதியை ரயிலே பார்த்துக்கொள்கிறது. டம்ளரில் எல்லா வேலையும் அவளுடையது. உங்கள் வீட்டுப் பொம்மைகள் இரண்டு நாளில் அலுத்துப்போவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அவற்றில் பாதியை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள். மூன்று வாரம் கழித்து இறக்கினால் புதுப் பொம்மை, காசில்லாமல்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்டுவேர் கடையில் இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ் ஒன்று வாங்குங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைக் காட்டி, கையில் ஒரு மக்குத் தண்ணீர் கொடுத்து, 'பெயிண்ட் அடி' என்று விட்டுவிடுங்கள். நனைந்த இடம் கறுத்துத் தெரியும். அவள் அடுத்த முனைக்குப் போவதற்குள் நம் ஊர்ச் சூடு முதல் முனையை வெளுக்க வைத்துவிடும். திரும்ப அடிக்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தாலும் அவர் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாது. சாயங்காலம், வெயில் தணிந்த பிறகு, நீங்களும் கூட நின்று.

நிற்பதைச் சும்மா சொல்லவில்லை. வாளியில் நாலு விரல் தண்ணீர் இருந்தாலே இந்த வயதுக் குழந்தைக்கு ஆபத்து. விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறு வேலை பாருங்கள்.

வேறென்ன? திருப்பூரில் இருந்துகொண்டு பனியன் வேஸ்ட்டுக்கு அலையப் போவதில்லை. ஒரு பை நிறையக் கலர் துண்டுகள் கேட்டு வாங்கி, நன்றாக அலசிக் காய வையுங்கள். சிவப்பைத் தனியே, மஞ்சளைத் தனியே பிரித்துப் போடுவாள். மீதியைப் பழைய சாக்ஸில் திணித்துக் கட்டினால் பந்து. டிவியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சமையலறையில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுங்கள். கறிவேப்பிலை உருவச் சொல்லுங்கள். சமையல் அரை மணி தாமதமாகும், ஆகட்டும். பப்பாளி இலைக் காம்பில் சோப்புக் குமிழி ஊதலாம், ஆனால் ஊதுவது நீங்கள், உடைப்பது அவள். அவளிடம் காம்பைக் கொடுத்தால் உறிஞ்சிவிடுவாள்.

'அந்தக் காலத்தில் நாங்கள்' என்று ஆரம்பிக்கிற பெரியவர்கள் புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி எல்லாம் எடுத்துக்கொண்டு வருவார்கள். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். வாய்க்குள் போகிற அளவில் உள்ள எதுவும் மூன்று வயது வரைக்கும் வேண்டாம். குன்றிமணி எந்த வயதிலும் வேண்டாம், அது விஷம். தள்ளுவண்டியில் விற்கிற மலிவு பொம்மைகளிலும் வட்டமான சின்ன பேட்டரிகள் கழன்று வரும். அதை விழுங்கினால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்தே விதவிதமான விளையாட்டுச் சாமான்கள் செய்து காட்டியவர். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மகளுக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் போகட்டும். நீங்கள் இப்போதே பார்த்து வையுங்கள்.

போனை அடியோடு பிடுங்கச் சொல்ல மாட்டேன், என்னாலேயே முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று. தூங்கப் போகிற நேரத்தில் மட்டும் 'நண்டூருது நரியூருது' போதும்; உள்ளங்கையில் தொடங்கி அக்குளுக்கு விரல் வந்து சேருவதற்குள் எந்தப் பிள்ளையும் சிரித்துவிடும்.

கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நனைந்த தரையை யார் துடைப்பது என்பதை மாப் கையில் எடுத்தவுடன் நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள். பிரஷ்ஷை மட்டும் இரண்டாக வாங்குங்கள். ஐந்தாவது நிமிடம், 'அப்பா, நீயும் அடி' என்பாள்.