ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு டுலாக்ஸெட்டின் தொடங்கியதும் ஏன் இவ்வளவு குமட்டல்?

ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடம்பெங்கும் நீடிக்கும் வலியும், தூங்கி எழுந்தாலும் தீராத அசதியும் சேர்ந்த நோய். தசை கிழிந்திருக்காது, மூட்டு வீங்கியிருக்காது. நரம்பு மண்டலம் வலிச் செய்தியை மிகைப்படுத்திவிடுகிறது. அதைத் தணிக்க உதவும் நரம்பு வேதிப்பொருள்களான செரட்டோனின், நார்எபிநெப்ரின் இரண்டின் செயலையும், மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்தான டுலாக்ஸெட்டின் கூட்டுகிறது.

சிக்கல் என்னவென்றால், உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மூளைக்காகப் போட்ட மருந்துக்கு முதலில் வயிறு பதில் சொல்கிறது. நாள்கணக்கில் வறண்டு கிடந்த குழாயில் தண்ணீர் வந்தால் முதலில் காற்றும் கலங்கலும் சீறுமே, அப்படித்தான். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் அடங்கும். வலி குறைய அதைவிட நாளாகலாம். தொல்லை முன்னால், பலன் பின்னால். பலர் மனம் விட்டுப்போவது இந்த இடைவெளியில்தான்.

அதனால்தான் பொதுவாக 30 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 60-க்கு உயர்த்துகிறார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டாமல் முழுதாக விழுங்குங்கள். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டிரமடால் என்ற வலி மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. காய்ச்சலோடு நடுக்கமும் குழப்பமும், அல்லது தற்கொலை எண்ணம் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல் தனியாக வந்து சேரும்.

மனச்சோர்வு மருந்து எழுதியதால் உங்கள் வலி கற்பனை என்று மருத்துவர் நினைக்கிறார் என்பதல்ல. 2008-இல் அமெரிக்காவில் இது ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்றே அனுமதி பெற்ற மருந்து.